இல்லாத இருபது பேர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் புலிகள் என்று கல்வி அலுவலகமே கொண்டாடிய இருபது பிள்ளைகளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான்தான் அவர்களுக்குக் கணக்கு டீச்சர். என் கண்ணாடி மேல் குற்றமில்லை. அவர்கள் பிறக்கவே இல்லை. பிறக்காத பிள்ளை எப்படி நூற்றுக்கு நூறு வாங்கும் என்று கேட்பீர்கள். பிறந்த பிள்ளை வாங்குவதுதான் கஷ்டம். பிறக்காததற்கு என்ன கஷ்டம்?

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இருக்கிற கோபத்தில் எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் கொட்டிவிடுவேன்.

எட்டாம் வகுப்பு இரண்டு பிரிவுக்கும் நான்தான் கணக்கு. கேள்வி கேட்டால் விடை தெரிந்த பிள்ளைகள் கையைத் தூக்கும். தெரியாத பிள்ளைகள் பென்சில் விழுந்துவிட்டது என்று மேசைக்கு அடியில் போய்விடும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்புகிற வரைக்கும் அந்தப் பென்சில் கிடைக்காது. இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும் என்று, கடைகளுக்கு இணையதளம் செய்துகொடுக்கிற என் தம்பியைப் பிடித்தேன்.

"என்னக்கா விக்கப் போறே?" என்றான்.

"தப்பு."

"என்னது?"

"தப்புக் கணக்கு. ஒரு பக்கம் போட்டுக் குடு, போதும்."

அப்படிப் பிறந்ததுதான் 'எங்கே சறுக்குச்சு?' என்கிற எங்கள் வகுப்புத் தளம். அதில் ஒரே ஒரு சட்டம். சரியான விடையை யாரும் போடக்கூடாது. வீட்டில் தப்பாகப் போட்ட கணக்கை, அடித்தல் திருத்தலோடு அப்படியே படம் எடுத்துப் போட வேண்டும். எந்த வரியில் கால் சறுக்கியது என்று மற்றப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கீழே எழுதுவார்கள். நட்சத்திரம் கண்டுபிடித்தவருக்கு இல்லை, சறுக்கியவருக்கு. யார் வேண்டுமானாலும் விழக்கூடிய தப்பு என்றால் இரண்டு நட்சத்திரம்.

கொஞ்ச நாளில் பென்சில் விழுவது நின்றுபோனது. "டீச்சர், நேத்து ஒரு தப்பு பண்ணேன் பாருங்க, அசந்துடுவீங்க" என்று வாசலிலேயே வழி மறித்தார்கள். பக்கத்துத் தெருவில் பளபளவென்று ஒரு தனியார் பள்ளி வந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்த எண்பது பேரில் பாதிப் பேர் அங்கே ஓடிப்போய் எங்களிடம் நாற்பது பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அடுத்த வருடம் இந்தத் தளத்தைக் கேள்விப்பட்டு இருபது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆக, அறுபது. இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அலுவலகத்தால் முடியவில்லை, உங்களால் முடியும்.

அந்த அறுபதில் பதினாலாம் எண் முந்திரி. முந்திரிக்கொட்டை என்பதன் சுருக்கம். நான் கேள்வியை முடிப்பதற்குள் அவள் விடை சொல்லி முடித்திருப்பாள், அதுவும் தப்பாக. அவள் அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் அம்மா வெளியே போனபோது ஒருவர் வீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து பாதியாகச் சுருக்கித் தரச் சொன்னார். முந்திரி சுருக்கினாள். சுருக்கியதை வைத்துக்கொண்டு, "இல்லம்மா, பழைய அளவுக்கே வேணும்" என்றார். ஐம்பது சதவீதம் குறைத்தோம், ஐம்பது சதவீதம் கூட்டினால் வந்துவிடும் என்று இவள் பொத்தானை அழுத்தினாள். வரவில்லை. முக்கால்வாசிதான் வந்தது. மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லிப் படத்தைத் தளத்தில் போட்டுவிட்டாள்.

அன்றைக்கு வகுப்பே இரண்டுபட்டது. கடைசியில் ஒரு பிள்ளை இரண்டே வார்த்தை எழுதியது: "எதுல பாதி?" குறைத்தது பெரியதில் பாதி. கூட்டியது சின்னதில் பாதி. முந்திரி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெட்டுப்போயிருந்தேன்" என்றாள். இரண்டு நட்சத்திரம் வாங்கினாள். அதற்கப்புறம் எங்கள் வகுப்பில் யார் சதவீதம் என்று வாயெடுத்தாலும் அறுபது குரல் கேட்கும், "எதுல பாதி?"

முந்திரிக்கு ஒரு ஆசை இருந்தது. எங்கள் வளாகத்திலேயே கணிதச் சிறப்பு வகுப்பு என்று ஒரு புதுக்கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது இடம். அதில் சேர்ந்தால் மேல்படிப்புச் செலவு முழுக்கக் கல்வி அலுவலகமே பார்த்துக்கொள்ளும். ஜெராக்ஸ் கடை வருமானத்தில் அவள் மேலே படிக்க வேறு வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் நிச்சயம் உள்ளே போவாள் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒருங்கிணைப்பாளர் அம்மா எங்கள் பள்ளிக்கு வந்தார். எதை எதோடு ஒருங்கிணைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அலுவலகத்துக்கும் பள்ளிகளுக்கும் நடுவில் எது நடந்தாலும் அவர்தான் நடத்துவார். எங்கள் தளத்தைத் திறந்து பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன டீச்சர் இது? முழுக்க முழுக்கத் தப்பா இருக்கு!"

"ஆமாம்மா. அதுக்குத்தான் வெச்சிருக்கோம்."

"பள்ளி பேர்ல ஒரு தளம். அதுல ஒரு விடைகூடச் சரியா இல்ல. மேலிடத்துல யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பிள்ளைங்க படிக்கிறாங்கன்னு நினைப்பாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் நல்ல மனிதர். ஓய்வு பெறுகிற வரைக்கும் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறார்.

ஒரே வாரத்தில் தளத்தை அலுவலகம் எடுத்துக்கொண்டது. பெயர் 'பிழையிலாக் கணிதம்' என்று மாறியது. பழைய பக்கத்துக்குப் பூட்டு. புதுத் தளத்தில் கேள்வி இருக்கும், கீழே ஒரு கட்டம் இருக்கும், கட்டத்தில் விடையும் இருக்கும். பிள்ளைகள் 'சரி' என்கிற பொத்தானை அழுத்த வேண்டும். 'தப்பு' என்று பொத்தானே கிடையாது.

"விடையை நீங்களே போட்டுட்டா பிள்ளைங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"சரி பண்ணுவாங்க" என்றார்.

"தப்பு வந்தா எங்க போடுவாங்க?"

"தப்பே வராது டீச்சர். அதுக்குத்தானே இவ்வளவு செலவு பண்றோம்!"

புதுத் தளத்தின் திறப்பு விழாவுக்கு இயக்குநரே வந்தார். கல்வி அலுவலகத்துக்கே தலைவர். அவர் பேச்சு புதுத் தளத்தில் நேரலையாக ஓடியது. நான் அதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், தூங்காமல் இருக்க வேறு வழியும் இல்லை.

"அன்புள்ள பிள்ளைகளே! சின்ன வயசுல எனக்குக் கணக்குன்னா ஆகவே ஆகாது. இன்னைக்கு உங்க எல்லாருக்கும் என்ன கணக்குன்னு தீர்மானிக்கிறது நான்தான். முயற்சி இருந்தா எது வேணா நடக்கும்!" கைதட்டல். "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு தப்பு பண்ணதில்ல. எப்படின்னு கேக்குறாங்க. எந்தக் கோப்புலயும் நான் எதையும் எழுதினதில்ல. எழுதினாத்தானே தப்பு வரும்?" மறுபடியும் கைதட்டல். "இந்தப் பள்ளியையே எடுத்துக்குவோம். எட்டாம் வகுப்புல எண்பது பேர் இருந்தீங்க. ஐம்பது சதவீதம் குறைஞ்சுது. மனசு உடைஞ்சுபோனேன். இந்தத் தளம் வந்துது, ஐம்பது சதவீதம் கூடிடுச்சு! ஐம்பது போச்சு, ஐம்பது வந்தாச்சு. போன பிள்ளைங்க அத்தனை பேரும் திரும்பி வந்தாச்சு. இன்னைக்கு மறுபடியும் எண்பது பேர்!"

அன்றைக்குக் காலையில் திறந்த தளத்தால் வருட ஆரம்பத்திலேயே பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் முந்திரி எழுந்துவிட்டாள். அவளைப் பிடித்து இழுக்க நான் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் இழுத்திருக்க மாட்டேன்.

"சார், எதுல பாதி?"

"என்னம்மா?"

"அறுபது பேர்தான் சார் இருக்கோம். நாற்பதுல பாதிதான் கூடுச்சு. நானும் இதே தப்புதான் சார் பண்ணேன்!" அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கேலி கொஞ்சம்கூட இல்லை, சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். "ரொம்ப நல்ல தப்பு சார். ரெண்டு நட்சத்திரம் குடுப்பாங்க!"

இயக்குநர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேச்சு பிழையிலாத் தளத்தில் ஏறிவிட்டது. தளத்தில் ஏறியது தப்பாக இருக்க முடியாது. எனவே தப்பு எங்கள் வகுப்பில்தான் இருக்க வேண்டும்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பில் இருபது மாணவர்களின் விவரங்கள் பதிவேற்றப்படவில்லை, காரணம் கூறவும். நான் "அப்படி யாரும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. காரணங்கள் மூன்றுதான் உண்டாம்: விடுப்பு, மாற்றல், உடல்நலக் குறைவு. 'இல்லை' என்பது காரணங்களில் இல்லை. தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "விடுப்புன்னு போட்டுடுங்க டீச்சர். அதுதான் யாருக்கும் வலிக்காது" என்றார்.

"பிறக்கறதுக்கு முன்னாடியே விடுப்பா சார்?"

"மகப்பேறு விடுப்பு மாதிரின்னு வெச்சுக்கங்களேன்" என்று சொல்லி அவரே போட்டுவிட்டார்.

விடுப்பில் இருப்பவர்களுக்கு எண் வேண்டுமல்லவா? அறுபத்தொன்று முதல் எண்பது வரை கொடுத்தார்கள். எண் கொடுத்ததும் புதுத் தளத்தில் கணக்குத் திறந்தார்கள். கட்டத்தில் விடை ஏற்கெனவே இருந்தது. கணக்கை யாரும் திறந்து பார்க்காவிட்டால் 'சரி' பொத்தானைத் தளமே உடனுக்குடன் அழுத்திக்கொள்ளும். இருபது பேரும் நூற்றுக்கு நூறு. என் பிள்ளைகள் எல்லோரும் திறந்து, அழுத்துவதற்கு முன்னால் விடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால், தாமதம் என்று மதிப்பெண் குறைந்து பின்தங்கிவிட்டார்கள். முந்திரி ஒரு கணக்கில் தளமே தப்பு என்று கண்டுபிடித்து, எங்கே எழுதுவது என்று தேடி, கடைசியில் எழுத இடமில்லாமல் விட்டுவிட்டாள். அவளுக்கு அந்தக் கணக்கில் பூஜ்யம்.

"அந்த இருபது பேரையும் பாருங்க டீச்சர், ஒரு அடித்தல் இல்ல, ஒரு தாமதம் இல்ல. இவங்களுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி மத்தவங்களுக்கும் ஏன் சொல்லிக்குடுக்கல?" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா கேட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் அந்த இருபது பேரின் பெற்றோருக்காக முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. யாரும் வராததால், பெற்றோருடன் எனக்குத் தொடர்பு போதாது என்று குறிப்பு எழுதி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். முகவரி கேட்டேன். தந்தார்கள். இருபது பேருக்கும் ஒரே முகவரி, எங்கள் பள்ளிக்கூடம். சரி என்று வெளியே போய், வாயிற்கதவைச் சாத்திவிட்டு, தட்டினேன். காவல்காரர் திறந்தார்.

"என்ன டீச்சர், எதையாவது மறந்துட்டீங்களா?"

"வீட்டுல யாராவது இருக்காங்களான்னு பாக்க வந்தேன்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தது நன்றாகத் தெரிந்தது.

இதுவரைக்கும் நான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். தளத்து மதிப்பெண்ணை வைத்துச் சிறப்பு வகுப்புப் பட்டியல் ஒட்டிய அன்றைக்குச் சிரிப்பு நின்றது. இருபது இடம். அறுபத்தொன்று முதல் எண்பது வரை. இருக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. முந்திரி பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவள் அம்மா கடையைப் பூட்டிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். நானும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் அங்கேதான் இருந்தோம்.

"என் பொண்ணைத் தாண்டி எந்தப் பிள்ளை உள்ள போச்சு? ஒரே ஒரு பிள்ளையைக் காட்டுங்க. கன்னத்தைக் கிள்ளிட்டு வாழ்த்திட்டுப் போறேன்."

"விடுப்புல இருக்காங்கம்மா" என்றார் தலைமையாசிரியர், மேசையைப் பார்த்து.

ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது. சிறப்பு வகுப்பின் தொடக்க விழாவுக்கு இயக்குநர் வருகிறார், பெஞ்சுகள் காலியாக இருந்தால் என்ன ஆகும்? குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். உங்கள் பிள்ளைகளிலேயே நன்றாகப் படிக்கிற இருபது பேர் அந்த எண்களில் உட்காரட்டும். கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லட்டும். முந்திரிக்கு அறுபத்தொன்று. படிப்புச் செலவும் கிடைக்கும், யாருக்கும் சங்கடமில்லை.

முந்திரியின் அம்மா தடுமாறினார். நானும் தடுமாறினேன் என்பதை மறைப்பானேன்? இடம் கிடைக்கிறதே, எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. முந்திரிதான் கேட்டாள்.

"நான் அறுபத்தொன்னு ஆயிட்டா, பதினாலு யாரு மேடம்?"

"பதினாலு... விடுப்புன்னு போட்டுக்கலாம்மா."

"நான் இங்கதானே இருக்கேன். எதுக்கு விடுப்பு? வேணாம் மேடம்."

"அவசரப்படாதே. அப்புறம் ஒன்னுமில்லாம போயிடும்."

"ஒன்னுமில்லாதவங்கதான் மேடம் லிஸ்ட்ல இருக்காங்க" என்றாள். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர்களை ஒருங்கிணைப்பாளர் அம்மா மறுபடி கூப்பிட்டார். சமாதானமாக்கும் என்று பார்த்தால், ஜெராக்ஸ் வேலை. ஊரில் கலர் மெஷின் அந்தக் கடையில்தான் உண்டு. மேடையில் மாட்ட இயக்குநர் படம் ஒன்று, அதே படம் சின்னதாக அழைப்பிதழுக்கு.

"சட்டம் ஏற்கெனவே செஞ்சாச்சு, இந்தப் படத்தோட அளவுக்கு. முதல்ல அழைப்பிதழுக்கு ஐம்பது சதவீதம் குறைச்சுடுங்க. மூலப் படத்தை நான் எடுத்துட்டுப் போயிடுவேன், அது இயக்குநரோடது. அந்தச் சின்னதை வெச்சு ஐம்பது சதவீதம் கூட்டிச் சட்டத்துல போட்டுடுங்க. பழைய அளவு வந்துடும்."

முந்திரி வாயைத் திறந்தாள். "மேடம், எதுல—"

"நீ பேசாதே. உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலைமையாசிரியர் மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டேன். "சொன்னபடியே பண்ணிடுறோம்" என்றார் அம்மா. சொன்னபடியே பண்ணினார். ஒரு சதவீதம் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தொடக்க விழா. புதுக் கட்டடம், இருபது பெஞ்சு, அதற்கு எதிரே மேடை. சிறப்பு வகுப்புக்கும் நானே கணக்கு டீச்சர் என்று உத்தரவு வந்திருந்ததால் சுண்ணக்கட்டியோடு ஓரமாக நின்றேன். இயக்குநர் மேடைக்கு வந்து படத்தின் திரையை இழுத்தார். பெரிய தங்கநிறச் சட்டம். உள்ளே இயக்குநர், சட்டத்தை எட்டாமல், நாலு பக்கமும் வெள்ளை வெள்ளையாக இடம் விட்டு நடுவில் நின்றார்.

"நான் ஏன் இப்படிச் சின்னதா இருக்கேன்?" என்றார் இயக்குநர்.

"ஐம்பது குறைச்சு ஐம்பது கூட்டச் சொன்னேன் சார். அப்படியேதான் வரணும்" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

வாசலில் நின்றிருந்த அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்டார்கள். "எதுல பாதி?"

இயக்குநர் வெள்ளை இடத்தைப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்தார். விரலால் அந்த இடைவெளியைத் தடவியும் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். மேசைக்கடியிலிருந்து தலையைத் தூக்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சட்டம் பெரிசா இருக்கு. வெட்டிச் சின்னதாக்குங்க."

தச்சரைக் கூப்பிட ஆள் ஓடியது. வருகைப்பதிவு ஆரம்பமானது.

"அறுபத்தொன்று!" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா.

சத்தமில்லை.

"அறுபத்திரண்டு!"

முந்திரி உள்ளே நடந்து வந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். "பதினாலு. உள்ளேன் மேடம்."

"பதினாலு லிஸ்ட்ல இல்ல."

"பெஞ்சுல இருக்கேன் மேடம்."

அவளுக்குப் பின்னால் ஏழு வந்தது, முப்பத்திரண்டு வந்தது, ஐம்பத்தைந்து வந்தது. இருபது பெஞ்சும் நிறைந்து, இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லி, உள்ளேன் என்றார்கள். இயக்குநர், தச்சர் வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். "எழுந்திருங்க, எல்லாரும் எழுந்திருங்க" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா கத்தினார். ஒருத்தர்கூட அசையவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நேருக்கு நேர், முதல் தடவையாக. வேண்டாம் டீச்சர் என்று கெஞ்சுகிறாரா, பண்ணுங்க டீச்சர் என்று சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன். கரும்பலகைப் பக்கம் போய்ச் சட்டத்தின் படத்தை வரைந்தேன், உள்ளே சின்னதாக ஒரு முகம் வரைந்தேன், பாடத்தை ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் தம்பி பழைய பக்கத்தின் பூட்டைத் திறந்துவிட்டான். முதல் படமாக அந்தச் சட்டத்தைப் போட்டோம். எங்கள் சட்டப்படி சறுக்கியவருக்குத்தான் நட்சத்திரம் என்பதால் இயக்குநருக்கு இரண்டு கொடுத்தோம். இன்னும் வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் எனக்குக் கடிதம் வந்தது. சிறப்பு வகுப்பில் பட்டியலில் இல்லாத மாணவர்கள் அமர்ந்திருப்பது ஏன்? காரணம் கூறவும். கீழே அதே மூன்று கட்டங்கள்: விடுப்பு, மாற்றல், உடல்நலக் குறைவு. புதுக்கட்டடத்தில் நான் இல்லாமலேயே பிள்ளைகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள், முந்திரி ஏதோ தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பேனாவை எடுத்தேன். மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, கடிதத்தின் குறுக்கே, பெரிதாக, ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இருக்கிறார்கள்.